ஆராய்ச்சிப் பணம் எங்கே நிற்கிறது? சிக்ரி ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

செட்டிநாட்டுக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுக்கு மேல் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் படித்தவர்களில் கொஞ்சம் பேர் ஆராய்ச்சிக்குப் போனார்கள். அதனால்தானோ என்னவோ, கொப்புடையம்மன் கோயில் வாசலில் பார்த்தாலும் திங்கட்கிழமைச் சந்தையில் பார்த்தாலும் ஊர்க்காரர்கள் என்னை நிறுத்தி சிக்ரியைப் பற்றியும் ஆராய்ச்சிப் படிப்பைப் பற்றியும் விசாரிக்கிறார்கள். சிக்ரி என்று நாம் சுருக்கிச் சொல்வது நம் காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை. அது சி.எஸ்.ஐ.ஆர். என்ற மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்துக்குக் கீழே வருகிறது. நின்றபடி சொல்லும் பதில் பாதியில் அறுந்துபோகிறது. அதனால் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

சிக்ரியை மூடப் போகிறார்களாமே, உண்மையா?

இல்லை. அப்படி எந்த அறிவிப்பும் வரவில்லை. சி.எஸ்.ஐ.ஆருக்குக் கீழே நாடு முழுவதும் 37 ஆய்வகங்கள் இருக்கின்றன. அவற்றில் இதுவும் ஒன்றாக இயங்குகிறது. சென்னை தரமணியிலும் ராமேசுவரம் பக்கத்து மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் இதற்குப் பிரிவுகள் உண்டு.

ஆனால் இந்தப் பேச்சு ஏன் கிளம்புகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஒரு நிறுவனத்தை மூடாமலே அதன் வேலையைச் சுருக்க முடியும். ஓய்வு பெற்றவரின் இடத்தில் ஆள் போடாமல் விடலாம். கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பராமரிப்புக்குப் பணம் தராமல் இருக்கலாம். மே மாதம் வர வேண்டிய தொகையை ஜனவரியில் அனுப்பலாம். நாம் கவலைப்பட வேண்டியது பூட்டைப் பற்றி இல்லை, இவற்றைப் பற்றித்தான்.

சிறிய ஊரான காரைக்குடிக்கு இவ்வளவு பெரிய ஆய்வகம் எப்படி வந்தது?

கோட்டையூரில் 1909இல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்ததால் வந்தது. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். அந்தக் காலத்து 15 லட்சம் என்பதை நினைவில் வையுங்கள். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில், அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. நிலத்தையும் பணத்தையும் கொடுத்தவர் அதில் பங்கு கேட்கவில்லை, காப்புரிமை கேட்கவில்லை. தன் ஊரில் ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் எதிர்பார்ப்பு. மீதியை அரசு ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார். அந்த நம்பிக்கைக்கு அரசு இன்று எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதைத்தான் கீழே வரும் கேள்விகளில் பார்க்கப் போகிறோம்.

அரசு ஆராய்ச்சிக்குச் செலவு செய்வது கூடுகிறதா, குறைகிறதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், அளக்கிற படி வேறு. 2010-11இல் அரசும் தனியாரும் சேர்ந்து ஆராய்ச்சிக்குச் செலவிட்டது சுமார் 60,000 கோடி ரூபாய். 2020-21இல் அது சுமார் 1,27,000 கோடி. தொகை இரண்டு மடங்காகிவிட்டது, உண்மை. அப்புறம் இன்னொரு படியால் அளந்து பாருங்கள். அதே 2020-21இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போனது 0.64 சதவீதம். நூறு ரூபாய்க்கு 64 காசு. பத்துப் பன்னிரண்டு ஆண்டு முன்னால் அது 80 காசை ஒட்டி இருந்தது. தென் கொரியாவில் இது 5 ரூபாயை நெருங்குகிறது. சீனா 2 ரூபாய் 40 காசைத் தாண்டிவிட்டது.

2 ரூபாய் ஆக்குவோம் என்று நம் நாட்டிலும் 2003 அறிவியல் கொள்கையில் எழுதினார்கள், 2013 கொள்கையிலும் எழுதினார்கள். 2017 ஆகஸ்ட் 9 அன்று பல ஊர்களில் விஞ்ஞானிகளும் மாணவர்களும் பதாகை பிடித்து நடந்து 3 சதவீதம் கேட்டார்கள். ஆய்வகத்தை விட்டு எளிதில் வெளியே வராத மனிதர்கள் அவர்கள். அவர்கள் தெருவுக்கு வந்ததே எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

மத்திய அரசின் ஆராய்ச்சிப் பணத்தில் பெரும்பங்கு பாதுகாப்புத் துறைக்கும் விண்வெளித் துறைக்கும் வேளாண்மைக்கும் அணுசக்திக்கும் போகிறது. நம் சிக்ரியையும் சேர்த்து 37 ஆய்வகங்களை வைத்திருக்கும் சி.எஸ்.ஐ.ஆருக்குக் கிடைப்பது 8 சதவீதம் அளவுக்குத்தான்.

சி.எஸ்.ஐ.ஆருக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி ஒதுக்குகிறார்கள். பிறகு ஏன் பணம் இல்லை என்கிறார்கள்?

2017இல் அதன் தலைமை இயக்குநராக இருந்த கிரீஷ் சாஹ்னி ஆய்வக இயக்குநர்களுக்கு எழுதிய கடிதம் அப்போது செய்தியானது. அந்த ஆண்டு ஒதுக்கீடு 4,063 கோடி. சம்பளம், ஓய்வூதியம், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுகள் எல்லாம் போகப் புதிய ஆராய்ச்சிக்கு மிஞ்சியது 202 கோடி. நூறு ரூபாயில் ஐந்து ரூபாய்.

வீட்டுக் கணக்கு போடுகிற யாருக்கும் இது புரியும். சம்பளம் உயர்ந்தது என்று சொல்லிவிட்டு வாடகையும் தவணையும் அதைவிட வேகமாக உயர்ந்தால் கையில் என்ன இருக்கும்? பட்ஜெட்டில் ஒரு துறையின் மொத்தத் தொகையைப் பார்த்து "பத்து சதவீதம் கூட்டிவிட்டார்கள்" என்று தலைப்பு போடுவார்கள். அதில் எவ்வளவு சம்பளமும் ஓய்வூதியமும், எவ்வளவு ஆராய்ச்சிக்கு என்று பிரித்துப் பார்க்காத வரை அந்தத் தலைப்பு நமக்கு எதையும் சொல்லாது. சம்பளமும் ஓய்வூதியமும் வீண் செலவு என்று நான் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க உழைத்தவருக்கு அது கொடுத்தே ஆக வேண்டியது. அதைக் கொடுத்த பிறகு வேலைக்கும் மிஞ்ச வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

ஆய்வகங்கள் தங்கள் செலவைத் தாங்களே சம்பாதிக்கட்டுமே. அரசு அப்படிச் சொன்னதில் என்ன தப்பு?

கல்லுக்கட்டிப் பக்கம் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் கேட்டது இது. நியாயமான கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

இந்த எண்ணம் புதிதில்லை. 1980களில் ஆபித் உசேன் குழு, ஆய்வகங்கள் மூன்றில் ஒரு பங்குப் பணத்தை வெளியிலிருந்து ஈட்ட வேண்டும் என்றது. 2015 ஜூனில் டேராடூனில் கூடிய ஆய்வக இயக்குநர்களிடம், இரண்டே ஆண்டில் பாதிப் பணத்தைத் தாங்களே திரட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள்.

தொழிலோடு ஆய்வகம் பேச வேண்டும் என்பதில் எனக்கு முழுச் சம்மதம். சிக்ரி அதை நன்றாகவே செய்திருக்கிறது. சோப்பு, காகிதம், துணி எல்லாவற்றுக்கும் வேண்டிய காஸ்டிக் சோடாவை உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தித் தயாரிக்கிறார்கள். அதில் முன்பு கிராஃபைட் மின்முனைகள் வைப்பார்கள், அவை தேய்ந்துகொண்டே போகும். தேயாத டைட்டானியம் மின்முனைகளை இந்திய ஆலைகளுக்காக உருவாக்கியவர்கள் காரைக்குடிக்காரர்கள். 2018இல் லித்தியம் அயனி பேட்டரித் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்ததும் சிக்ரிதான்.

சரி, ஆனால் இன்னொரு வகை வேலை இருக்கிறது. சிக்ரி இந்தியாவின் துரு வரைபடம் ஒன்றைத் தயாரித்தது. எந்த ஊர்க் காற்றில் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்பதைக் காட்டும் படம் அது. எப்படிச் செய்வார்கள்? பல ஊர்களில் சட்டம் கட்டி உலோகத் தகடுகளை வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் விட்டு வைப்பார்கள். அவ்வப்போது எடுத்துச் சுத்தம் செய்து எடை போடுவார்கள். குறைந்த எடைதான் அரிப்பு. மண்டபம் கடற்கரையின் உப்புக் காற்றில் தகடு என்ன பாடு படும் என்று பாம்பன் பாலத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வேலைக்கு எந்தக் கம்பெனி பணம் தரும்? பலன் எல்லாருக்கும் பொது. பாலம் கட்டுபவரும் மின்கம்பம் நடுபவரும் துறைமுகத்தில் கிரேன் வைப்பவரும் அதைப் பயன்படுத்துவார்கள். எல்லாருக்கும் பயன்படுவதாலேயே யாரும் தனியாகக் காசு கொடுக்க மாட்டார்கள். அப்புறம், இதை அவசரப்படுத்தவும் முடியாது. ஐந்து ஆண்டுத் துருவை ஐந்து மாதத்தில் பார்க்க முடியாது. இரண்டாம் ஆண்டில் பணம் நின்று தகடுகளை எடுத்துவிட்டால் முதல் இரண்டு ஆண்டு வேலையும் போச்சு.

இந்த ஊர்க் கணக்கில் இதற்கு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. நம் நகரத்தார் வணிகத்தில் மகமை என்று ஒன்று எடுத்து வைப்பார்கள். மூட்டைக்கு இவ்வளவு, வட்டி வரவில் இவ்வளவு என்று கோயிலுக்கும் குளத்துக்கும் பாடசாலைக்கும் தனியாகப் பற்று எழுதுவார்கள். அதை முதலோடும் சேர்ப்பதில்லை, லாபத்தோடும் சேர்ப்பதில்லை. வியாபாரம் மந்தமான ஆண்டிலும் மகமை நின்றதில்லை என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். குளம் வெட்டியதற்கு ஆண்டு முடிவில் ஐந்தொகையில் என்ன வரவு என்று யாரும் கேட்கவில்லை. மழை பெய்தால் ஊரே குடித்தது. பொது ஆராய்ச்சிப் பணம் அந்த வகையைச் சேர்ந்தது என்பதுதான் என் எண்ணம். அதைக் கொடுக்கல் வாங்கல் பேரேட்டில் எழுதினால் கணக்கு எப்போதும் நஷ்டத்தில்தான் முடியும்.

பாதிப் பணத்தைச் சம்பாதிக்கச் சொன்னால் ஒரு விஞ்ஞானி என்ன செய்வார்? சீக்கிரம் பணம் தரும் வேலையைத் தேடுவார். சோதனைச் சான்றிதழ், ஆலோசனை, மாதிரிப் பரிசோதனை என்று நாள் போகும். அதுவும் வேண்டிய வேலைதான். ஆனால் டைட்டானியம் மின்முனை அந்த வழியில் வந்திருக்காது.

அனுசந்தான் என்று புதிதாக ஏதோ வந்திருக்கிறதே, அது என்ன?

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. 2023இல் இதற்குச் சட்டம் இயற்றினார்கள், 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஆராய்ச்சித் திட்டங்களுக்குப் பணம் கொடுத்துவந்த எஸ்.இ.ஆர்.பி. என்ற அமைப்பு இதற்குள் கரைந்தது. பிரதமரே ஆட்சிக் குழுவின் தலைவர்.

ஐந்து ஆண்டில் 50,000 கோடி என்று அறிவித்தார்கள். இதில் அரசு தருவது 14,000 கோடி. மீதி 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், கொடையாளர்கள் போன்ற வெளி வழிகளிலிருந்து வர வேண்டும். எதிர்பார்க்கும் மொய்யையும் சேர்த்துக் கல்யாணச் செலவு போடுவது போன்றது இது. மொய் வரலாம், வராமலும் போகலாம். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டிய தேதி மட்டும் மாறாது.

இதன் நோக்கத்தில் ஒன்றை நான் மனமார வரவேற்கிறேன். பழைய முறையில் பெரும்பங்குப் பணம் ஐ.ஐ.டி. போன்ற பெரிய நிறுவனங்களுக்கே போனது, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு 11 சதவீதம் அளவுக்குத்தான் கிடைத்தது என்று அரசே சொன்னது. அதை மாற்றுவதாகச் சொல்கிறார்கள். நம் அழகப்பா பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு அது உண்மையிலேயே வந்து சேர்ந்தால் நான் முதல் ஆளாகக் கை தட்டுவேன்.

ஒரு லட்சம் கோடி கொடுக்கிறார்களாமே! அப்புறம் எங்கே வெட்டு?

ஆர்.டி.ஐ. நிதியைச் சொல்கிறீர்கள். தகவல் உரிமைச் சட்டம் இல்லை, ஆராய்ச்சி வளர்ச்சி புத்தாக்கத்துக்கான நிதி. 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தொகை ஒரு லட்சம் கோடி. பெரும்பாலும் தனியார் நிறுவனங்களுக்குக் குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடனாகவோ முதலீடாகவோ போகும். அதுவும் ஆய்வகத்தில் ஏற்கெனவே நிரூபணமாகி, தொழிலாக வளரும் கட்டத்தை எட்டிய வேலைக்குத்தான்.

இந்த நிதி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தியத் தனியார் துறை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது குறைவு, அது மாற வேண்டும். ஆனால் இந்தத் தொகையைக் காட்டி "ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டுகிறது" என்று சொல்லும்போது மானியமும் கடனும் ஒன்றாகிவிடுகின்றன. கடன் வாங்கியவர் திருப்பித் தர வேண்டும். திருப்பித் தர வேண்டியவர் துரு வரைபடம் போட மாட்டார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடாமல் நடவுக்கு மட்டும் கடன் கொடுத்தால் நட நாற்று எங்கிருந்து வரும்?

மகள் பி.எச்டி. படிக்கிறாள். உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை. யாரைக் கேட்பது?

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி இதைக் கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் ஆச்சி, தவறு உங்கள் மகளுடையது இல்லை.

காகிதத்தில் உதவித்தொகை உயர்ந்திருக்கிறது. இளநிலை ஆராய்ச்சி மாணவருக்கு மாதம் 31,000 ஆக இருந்ததை 2023இல் 37,000 ஆக்கினார்கள், முதுநிலைக்கு 35,000 ரூபாய் 42,000 ஆனது. ஆனால் அது எந்தத் தேதியில் வரும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. 2024-25இல் மத்திய அரசின் இன்ஸ்பயர் என்ற உதவித்தொகையைப் பெறும் மாணவர்கள் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தது செய்தித்தாள்களிலேயே வந்தது.

என் மாணவன் ஒருவனுக்கு ஏழு மாதம் வரவில்லை. எந்த நிறுவனம் என்று சொல்ல வேண்டாம். அப்பா கல்லல் பக்கம் விவசாயக் கூலி. விடுதிச் சாப்பாட்டுக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பையன் வீட்டிலிருந்து வாங்கினான். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. எட்டாம் மாதம் நிலுவை மொத்தமாக வந்தது, ஆனால் அடகு வட்டியை யார் கொடுத்தார்கள்? அந்த ஏழு மாதத்தில் அவன் மனசு ஆராய்ச்சியிலா இருந்திருக்கும்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தாக்குப்பிடித்துவிடும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைதான் "வேலை பார்த்துக்கொள்கிறேன்" என்று பாதியில் எழுந்து போகும். தாமதம் என்று நாம் மென்மையாகச் சொல்வது அந்தப் பிள்ளைக்கு முழு வெட்டு.

ஏன் தாமதமாகிறது? முன்பெல்லாம் பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு முன்கூட்டியே வந்துவிடும். சில்லறையாகக் கொஞ்சம் மிச்சம் இருக்கும், ஒரு தவணை பிந்தினாலும் அதை வைத்துச் சமாளிப்பார்கள். அண்மை ஆண்டுகளில் செலவு செய்யும்போது மட்டும் கருவூலத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் முறைக்கு மாற்றினார்கள். அரசுப் பணம் வங்கியில் சும்மா கிடக்கக் கூடாது என்பது காரணம், அதில் நியாயம் உண்டு. ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணி தடுக்கினால் எல்லாம் நிற்கும். கணக்கு இணைப்பில் ஒரு தவறு, பணத்தைச் செலவழித்ததற்குக் காட்டும் யு.சி. என்ற பயன்பாட்டுச் சான்றில் ஒரு கையெழுத்து விடுபட்டது என்றால் போதும். "யு.சி. அனுப்பியாச்சா?" என்று ஆய்வகங்களில் கேட்காத நாள் இல்லை.

செய்ய வேண்டியது: மகளின் வருகைச் சான்றும் ஆண்டு முன்னேற்ற அறிக்கையும் எந்தத் தேதியில் நிறுவனத்திலிருந்து போயின என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். போயிருந்தால், அந்தத் தேதியைக் குறிப்பிட்டு நிதி தரும் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பட்டும். பதில் வராவிட்டால் மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையத்தளத்தில் பதிவு செய்யலாம். வழிகாட்டிப் பேராசிரியரிடம் விடுதிக் கணக்கைத் தள்ளிவைக்கக் கடிதம் கேட்கவும் தயங்க வேண்டாம். நிறையப் பேர் கொடுப்பார்கள், பிள்ளைகள் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை.

மார்ச் மாதம் வந்தால் ஆய்வகங்களில் ஏன் இவ்வளவு பரபரப்பு?

மார்ச் 31க்குள் செலவழியாத பணம் திரும்பிப் போய்விடும் அல்லது அடுத்த தவணையில் கழிக்கப்படும். பணம் ஜனவரியில் வந்தால் ஒப்பந்தப்புள்ளி கோரி, ஒப்பிட்டு, வாங்க இரண்டரை மாதம்தான். முடியாது.

ஆராய்ச்சி நிதியாண்டுக்கு ஏற்ப நடப்பதில்லை. ஒரு பேட்டரிச் செல்லை 1,000 முறை ஏற்றி இறக்கிச் சோதிக்க வேண்டும் என்று வையுங்கள். ஒரு முறைக்கு 4 மணி நேரம் என்றால் 4,000 மணி. இரவு பகல் நிற்காமல் ஓடினாலும் 166 நாளுக்கு மேல். லித்தியத்தை ஈரம் தொடக் கூடாது என்பதால் ஆர்கான் வாயு நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள்தான் அந்தச் செல்லைக் கட்டுவார்கள். ஆர்கான் உருளை வாங்கப் பணம் வரவில்லை என்றால் அடுத்த செல் இல்லை. நூறு கோடித் திட்டம் ஓர் உருளைக்காக நிற்கும்.

வரியும் கூட்டிவிட்டார்களா?

கூட்டினார்கள், சிலவற்றைத் திரும்பவும் எடுத்தார்கள். பொது ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாக இருந்தது. 2022 ஜூலையில் அந்தச் சலுகையை எடுத்ததும் 18 ஆனது. ஒரு கோடி ரூபாய்க் கருவிக்கு 13 லட்சம் கூடுதல். அரசு கொடுத்த பணத்திலிருந்து அரசுக்கே போகும் வரி! திட்டத் தொகையை யாரும் கூட்டித் தரவில்லை. அந்த 13 லட்சத்தில் ஓர் இளநிலை ஆராய்ச்சியாளருக்கு மூன்று ஆண்டுக்கு நெருக்கமாக உதவித்தொகை கொடுக்கலாம்.

2024 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதியாகும் ஆய்வக வேதிப்பொருள்களுக்குச் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 150 ஆனது. விஞ்ஞானிகள் சத்தம் போட்டார்கள். சில நாள்களிலேயே ஆய்வகப் பயன்பாட்டுக்குப் பழையபடி 10 ஆக்கினார்கள். ஆராய்ச்சி மானியத்துக்கே ஜி.எஸ்.டி. கேட்டுச் சில நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போனது, 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் விலக்கு அளித்தது. 2025 ஜூனில் இன்னொரு நல்லது நடந்தது: அரசின் ஜெம் இணையச் சந்தையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து ஆராய்ச்சிக் கருவிகளை வாங்க இயக்குநர்களுக்கும் துணைவேந்தர்களுக்கும் தளர்வு தந்தார்கள். பேசினால் மாறுகிறது என்பதற்கு இவை சாட்சி.

எவற்றையெல்லாம் மூடினார்கள், எவற்றையெல்லாம் இணைத்தார்கள்?

அறிவியலை மக்களிடம் கொண்டு சேர்க்க 1989இல் தொடங்கிய விஞ்ஞான் பிரசார் 2023இல் மூடப்பட்டது. இந்திய மொழிகளில் அறிவியல் எழுத அது களம் தந்தது. தமிழில் எழுதுகிறவள் என்ற முறையில் எனக்கு இது சொந்த இழப்பு. 1914 முதல் நடந்துவந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்கு அரசு தன் ஆதரவை 2023இல் விலக்கிக்கொண்டது, 2024 ஜனவரியில் மாநாடு நடக்கவில்லை. சி.எஸ்.ஐ.ஆரின் இரண்டு நிறுவனங்களை 2021இல் ஒன்றாக்கினார்கள்.

மாணவர்களை நேராகத் தொட்டது கே.வி.பி.ஒய். 1999இல் தொடங்கிய தேர்வு அது. பதினொன்றாம் வகுப்பிலேயே அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளையைக் கண்டுபிடித்து, அறிவியல் பட்டப் படிப்பில் சேர்ந்ததும் மாதாமாதம் பணம் தரும். 2022இல் நிறுத்தி இன்ஸ்பயரோடு சேர்த்துவிட்டார்கள். இன்ஸ்பயர் பெரும்பாலும் பொதுத் தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்தவர்களைப் பார்க்கிறது. மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் பிள்ளையும், மதிப்பெண் சுமாராக இருந்தாலும் "ஏன் மிஸ்?" என்று விடாமல் கேட்கும் பிள்ளையும் வேறு வேறு. இரண்டாவது பிள்ளையைக் கண்டுபிடிக்க இருந்த வாசல் அது. இணைத்தது சிக்கனம் என்று சொன்னார்கள், எனக்கு ஒப்பவில்லை.

மகனுக்கு அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்ய ஆசை. அங்கேயும் வெட்டு என்கிறார்களே?

ஆமாம். 2025இல் அங்கே நடந்தது பெரிய அதிர்ச்சி. மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் என்.ஐ.எச். அமைப்பின் சுமார் 47 பில்லியன் டாலர் பட்ஜெட்டை 27 பில்லியன் அளவுக்கும், அடிப்படை அறிவியலுக்கு நிதி தரும் என்.எஸ்.எஃப். அமைப்பின் 9 பில்லியனை 4 பில்லியனுக்குக் கீழும் இறக்க அரசு முன்மொழிந்தது. ஏற்கெனவே கொடுத்த மானியங்கள் ஆயிரக்கணக்கில் பாதியில் நிறுத்தப்பட்டன. சில பல்கலைக்கழகங்கள் பி.எச்டி. சேர்க்கையைக் குறைத்தன, கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற்ற இடங்களும் உண்டு. வெட்டுகளை எதிர்த்து வழக்குகள் நடந்தன, அந்த அளவு வெட்டுக்கு நாடாளுமன்றம் இணங்கவும் இல்லை.

விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சேரும் பேராசிரியரிடம் "எத்தனை ஆண்டுக்கு நிதி கையில் இருக்கிறது? நின்றுபோனால் ஆசிரிய உதவியாளர் வேலை கிடைக்குமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஜெர்மனி, ஜப்பான், கொரியாவுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கட்டும். மின்வேதியியல் என்றால் பேட்டரி ஆராய்ச்சியில் அந்த நாடுகள் சளைத்தவை இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, பிள்ளைகளை ஆராய்ச்சிக்கு அனுப்பலாம் என்கிறீர்களா?

அனுப்புங்கள். திட்ட உதவியாளர் வேலைக்குப் போகும் பிள்ளைகள் மட்டும் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்: திட்டம் முடிந்தால் அந்த வேலையும் முடியும். முதல் நாளே முடிவுத் தேதியைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். ஆறு மாதச் செலவுக்குக் கையில் ஏதாவது இருக்கிற மாதிரிப் பார்த்துக்கொள்ளட்டும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதித் தன் பெயரிலேயே உதவித்தொகை வாங்கினால் அவ்வளவு பயம் இல்லை.

சாதாரண ஆள் நான். என்னால் என்ன செய்ய முடியும்?

பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேட்காதீர்கள், அது பட்ஜெட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தவணையும் எந்தத் தேதியில் ஆய்வகத்துக்கு வந்தது, ஒப்புதல் பெற்ற விஞ்ஞானி இடங்கள் எத்தனை, அதில் காலி எத்தனை, உதவித்தொகை நிலுவை எத்தனை பேருக்கு எத்தனை மாதம் என்று கேளுங்கள். கிடைத்த பதிலை நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுத்து அவையில் கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள். சாலைக்கும் ரயிலுக்கும் மனு கொடுக்கிறோம், இதற்கும் கொடுக்கலாம்.

என் பையன் எட்டாவது படிக்கிறான். சிக்ரிக்கு உள்ளே போய்ப் பார்க்க விடுவார்களா?

விடுவார்கள். சி.எஸ்.ஐ.ஆர். தொடங்கிய நாள் 1942 செப்டம்பர் 26. அந்த நாளை ஒட்டி மாணவர்கள் பார்க்க ஆய்வகத்தைத் திறந்து விடுவது வழக்கம். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் சொன்னால் முன்பே எழுதிக் கேட்டு வைப்பார்.

போகுமுன் வீட்டில் இரண்டு ஆணியை எடுத்து, ஒன்றை நம் சம்பை ஊற்றுத் தண்ணீரிலும் இன்னொன்றை உப்புக் கரைத்த தண்ணீரிலும் ஒரு வாரம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டையும் ஆணிகளையும் கையோடு கொண்டு போகட்டும். உள்ளே துருவைப் பற்றி விளக்குபவரிடம் காட்டி, மண்டபத்தில் தகடு எத்தனை ஆண்டாக வெயிலில் நிற்கிறது என்று கேட்கட்டும்.